ஒப்பரேஷன் முடிந்த நாயை இரவு ஆஸ்பத்திரியில் விடுவதா, வீட்டுக்குக் கொண்டு வருவதா?



லயத்துக்கு லயம் நாய் இருக்கிறது. சில வீடுகளில் பூனையும், பின்பக்கம் ஆடும், பட்டியில் ஒரு கறவை மாடும் இருக்கின்றன. இரவில் கள்வன் வராமல் பார்ப்பது நாய். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கை கொடுப்பது மாடும் ஆடும். இவற்றுக்கு ஒரு சத்திரசிகிச்சை என்று வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி செலவைப் பற்றியது. அடுத்த கேள்வி, "ராத்திரிக்கு அங்கேயே விட்டுட்டு வரணுமா, இல்ல வூட்டுக்குத் தூக்கிட்டு வரலாமா?" என்பது. இந்தப் பாடத்தில் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுத்துக் கொள்கிறோம்.

2006ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்ட பின், விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையுமே நம் நாட்டில் நாய்களின் தொகையையும் நோயையும் கட்டுப்படுத்தும் வழிகளாக உள்ளன. ஆகவே தோட்டங்களிலும் ஒப்பரேஷன் செய்த நாய்களைக் காண்கிறோம். காலையில் கொண்டு போன நாய் மாலையில் தள்ளாடிக் கொண்டு வீடு வந்து சேருகிறது. அன்றைய இரவை அது எப்படிக் கழிக்கிறது என்பதில்தான் பல வேளைகளில் அதன் உயிர் தங்கியிருக்கிறது.

1. முதல் இரவு ஏன் முக்கியம்?

மயக்க மருந்து என்பது வெறும் தூக்கம் அல்ல. மருந்து உடலில் இருக்கும் வரை மூச்சு மெதுவாகும், இதயத் துடிப்பு மாறும், உடம்புச் சூடு இறங்கும், விழுங்கும் சக்தி குறையும். கண்ணைத் திறந்து வாலை ஆட்டிவிட்டால் மருந்து முற்றாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் மறுநாள் வரை கூட நீடிக்கலாம்.

இந்த நேரத்தில் நான்கு ஆபத்துகளைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

முதலாவது குளிர். ஆரோக்கியமான நாயின் உடம்புச் சூடு ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். ஒப்பரேஷன் முடிந்த நாய்க்கு இது குறைந்துதான் இருக்கும். நுவரெலியா போன்ற உயர்ந்த பகுதிகளில், அதுவும் தை, மாசி மாத இரவுகளில், பனி உறையும் அளவுக்குக் குளிர் இறங்குகிறது. அந்தக் குளிரில் இஸ்தோப்பில் சிமெந்துத் தரையில் கிடக்கும் நாய்க்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக் கொள்ளப் பலம் இருக்காது.

இரண்டாவது உள்ளே இரத்தம் கசிதல். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது வயிற்றைத் திறந்து சூலகங்களையும், பெரும்பாலும் கருப்பையையும் எடுத்து, இரத்தக் குழாய்களை நூலால் கட்டி விடுகிறார்கள். அந்தக் கட்டு நழுவினால் இரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே சேரும். பெரும்பாலும் இது முதல் 24 மணித்தியாலத்துக்குள் தெரிய வரும். ஆண் நாய்க்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சிறிய ஒப்பரேஷன், ஆகவே ஆபத்தும் குறைவு.

மூன்றாவது வாந்தி. அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழாய்க்குள் போகலாம். அவசரப்பட்டு வாயில் பாலோ கஞ்சியோ ஊற்றினாலும் இதேதான் நடக்கும்.

நான்காவது தையல். மயக்கம் தெளிந்ததும் காயம் உறுத்தும். உடனே நக்கும், கடிக்கும். ஒரு நாய் நினைத்தால் சில நிமிடத்தில் தையலைப் பிய்த்துவிடும்.

2. வீட்டுக்குக் கொண்டு வரக் கூடியவை

திட்டமிட்டுச் செய்த சாதாரண ஒப்பரேஷன் என்றால், ஆரோக்கியமான நாயோ பூனையோ அன்று மாலையே வீட்டுக்கு வரலாம். உலகமெங்கும் இதுவே வழக்கம். கருத்தடை, தோலில் உள்ள சிறு கட்டி எடுத்தல், சிறு காயத்துக்குத் தையல் போடுதல் எல்லாம் இந்த வகை. பழகிய இடமும் பழகிய குரலும் அதற்கு ஆறுதல். அன்னிய இடத்தில் மற்ற நாய்களின் குரைப்புக்கு நடுவே கூட்டில் கிடந்தால் சில நாய்கள் இரவெல்லாம் பயந்து போகும்.

ஆனால் நிபந்தனை உண்டு. வைத்தியரிடமிருந்து பெற்றுக் கொள்ளும் முன் இவற்றைக் கண்ணால் பாருங்கள்:

- கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.
- தள்ளாடினாலும் தன் காலில் நிற்கிறது.
- ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்கிறது.
- காயத்திலிருந்து இரத்தம் சொட்டவில்லை.
- காதும் பாதமும் பனிக்கட்டி போல் இல்லை.

இதில் ஒன்று குறைந்தாலும், "டொக்டர் ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் வச்சிப் பாருங்க, நாங்க காத்துக்கிட்டு இருக்கிறோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மாலை வாகனத்தைப் பிடிக்கும் அவசரத்தில் எழுந்து நிற்காத நாயைச் சாக்கில் போட்டுத் தூக்கி வருவது நல்லதல்ல.

3. இரவு தங்க வேண்டியவை

கீழே உள்ளவற்றுக்கு வீட்டுக் கவனிப்புப் போதாது. ஊசி வழியாக மருந்தும், நரம்பில் சேலைனும், சில வேளை ஒட்சிசனும் தேவைப்படும்.

- வாகனத்தில் அடிபட்டு ஒப்பரேஷன் செய்யப்பட்டவை. நெஞ்சிலும் வயிற்றிலும் பட்ட அடியின் விளைவு சில மணித்தியாலம் கழித்துத்தான் வெளிப்படும்.
- காட்டுப் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் இடுப்போ கழுத்தோ அகப்பட்டவை. வெளியே ஒரு கோடு போலத் தெரிந்தாலும் கம்பி இறுக்கிய இடத்துச் சதை இரத்த ஓட்டமின்றி அடுத்த நாட்களில் அழுகிப் போகலாம்.
- கருப்பையில் சீழ் பிடித்த பெண் நாய்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் வந்து சில கிழமைகளின் பின் இந்த நோய் வருவதுண்டு. நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், பின்பக்கம் சீழ் வடியலாம். இதற்கான ஒப்பரேஷன் சாதாரணக் கருத்தடை போன்றதல்ல. நஞ்சு உடம்பில் பரவிய நாய்க்குச் செய்வது.
- குடலைத் திறந்து எலும்போ துணியோ எடுக்கப்பட்டவை.
- ஒப்பரேஷன் நேரத்தில் நிறைய இரத்தம் இழந்தவை.
- மிகச் சிறிய குட்டிகள், வயது போன நாய்கள், மூக்குச் சப்பையான இன நாய்கள் ஆகியவற்றில் வைத்தியர் சந்தேகப்படுபவை. குட்டிகளுக்குச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கும். மூக்குச் சப்பையான நாய்களுக்கு மயக்கத்தில் மூச்சு அடைக்கும்.

4. கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டால் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். நாயைக் காப்பாற்றுவது கட்டிடம் அல்ல, விழித்திருக்கும் ஒரு மனிதர். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் பகலில் இயங்குபவை. தனியார் இடங்கள் சிலவற்றில் இரவுக்குக் கூடு இருக்கும், ஆனால் கதவைப் பூட்டிக் கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். பூட்டிய கட்டிடத்தில் தனியே கிடக்கும் நாய்க்கு நடு இரவில் இரத்தம் கசிந்தால் யாருக்குத் தெரியும்? அதைவிட, அடுப்படிப் பக்கத்து அறையில் உங்கள் காலடியில் கிடப்பது மேல்.

ஆகவே பணிவாக, ஆனால் வெட்கப்படாமல் கேளுங்கள்:

"ராத்திரிக்கு இங்க யார் இருப்பாங்க? எத்தனை மணிக்கு ஒருக்கா பார்ப்பாங்க? ஏதும் ஆனா டொக்டர் வருவாரா?"

பதில் திருப்தியாக இருந்து, நாயும் மூன்றாம் பகுதியில் சொன்ன வகையாக இருந்தால், விட்டுவிட்டு வாருங்கள். இரவில் ஆள் இல்லை என்றால், "அப்ப ஆள் இருக்கிற இடத்துக்கு எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை ஒன்று உள்ளது. கடினமான நோயாளியை எங்கே அனுப்பலாம் என்பது உங்கள் பகுதி வைத்தியருக்குத் தெரியும்.

இந்தக் கேள்விகளை ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்பது நல்லது. மாலை 5 மணிக்குக் கேட்டால் பதில் கிடைத்தாலும் வழி கிடைக்காது.

5. லயன் வீட்டில் இரவுக் காவல்

"ஒரு காம்பராவுல நாங்களே ஆறு பேரு, நாயிக்கு எடம் எங்க?" என்று கேட்பீர்கள். ஒரு சாக்கு விரிக்கும் இடம் போதும். செய்ய வேண்டியவை:

இடம்: காற்று அடிக்காத மூலை. தரையில் சாக்கு, அதன் மேல் பழைய கம்பளி அல்லது படங்கு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், புகையும் மூச்சுக்கு ஆகாது. கட்டில், வாங்கு மேல் வைக்க வேண்டாம், விழுந்து தையல் பிரியும்.

சூடு: போத்தலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துணி சுற்றி, முதுகுப் பக்கம் வையுங்கள். உங்கள் உள்ளங்கை பொறுக்கும் சூடு போதும். சூடுமானி வைத்து மலவாயில் பார்த்தால் 37 பாகைக்குக் கீழே இருக்கிறதா? போத்தல் வைத்துப் போர்த்துங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஏறவில்லை என்றால் வைத்தியருக்கு அறிவியுங்கள். அந்தச் சூடுமானியைப் பிறகு பிள்ளைகளுக்குப் பாவிக்கக் கூடாது.

தண்ணீரும் சாப்பாடும்: நன்றாக எழுந்து நடந்த பிறகு இரண்டு மூன்று வாய்த் தண்ணீர். அது தங்கினால் வழக்கமான அளவில் கால்வாசி குழைந்த சோறு. ஒரு தடவை வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம், சாப்பாட்டை நிறுத்திக் காலையில் பாருங்கள்.

பிள்ளைகள்: மயக்கம் தெளியும் நாய்க்குத் தன் எஜமானையே அடையாளம் தெரியாமல் போகலாம். முகத்தை அதன் முகத்தருகே கொண்டு போகவோ கட்டிப் பிடிக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். கடித்துவிட்டால், வீட்டு நாய் தானே என்று விடாமல் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காவல் முறை: வீட்டிலுள்ள பெரியவர்கள் பிரித்துக் கொள்ளுங்கள். காலையில் மலைக்குப் போக வேண்டியவருக்கு முன்னிரவு, மற்றவருக்குப் பின்னிரவு. நள்ளிரவு வரை ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், அதன் பின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் எழுந்து பாருங்கள். ஈறின் நிறம், மூச்சு, காலின் சூடு, காயம், வயிறு என்று ஐந்தைப் பாருங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 30 தடவை மூச்சு விடும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கொப்பியில் நேரம் போட்டு எழுதி வைக்கட்டும். காலையில் வைத்தியர் கேட்டால் அந்தக் கொப்பியே பதில் சொல்லும்.

மருந்து: வைத்தியர் தந்ததைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். "பாவம் நோகுது, அரைப் பனடோல் குடுப்போம்" என்ற இரக்கம் உயிரை எடுக்கும். பூனைக்குப் பரசிட்டமோல் நஞ்சு, சிறு துண்டே போதும். இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற மனிதரின் நோவு மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காயத்தில் மஞ்சளோ சாம்பலோ மண்ணெண்ணெயோ பூசவும் கூடாது.

6. விடியும் வரை பொறுக்கக் கூடாத அடையாளங்கள்

- ஈறு வெளுத்துப் போதல், கால்கள் சில்லிடுதல், எழுந்த நாய் மீண்டும் சுருண்டு விழுதல்
- வயிறு நேரத்துக்கு நேரம் பெருத்தல்
- தூங்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு 40க்கு மேல் தொடர்ந்து ஓடுதல், வாயைத் திறந்து இழுத்தல்
- காயத்தில் வைத்த துணி மறுபடி மறுபடி நனைதல்
- திரும்பத் திரும்ப வாந்தி, அல்லது வலிப்பு
- தையல் பிரிந்து உள்ளுறுப்பு வெளியே தெரிதல். இதை உள்ளே தள்ளாதீர்கள். கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, வயிற்றைச் சுற்றிக் கட்டி, நக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

இரத்தம் சொட்டினால் சுத்தமான துணியை மடித்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தூக்கும்போது காலைப் பிடித்து இழுக்காமல், கம்பளியை விரித்து அதில் கிடத்தி இருவர் நான்கு முனையையும் பிடியுங்கள். வைத்தியரின் தொலைபேசி எண்ணையும், இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் எண்ணையும் ஒப்பரேஷனுக்கு முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துவிட வேண்டும். கீழ் டிவிஷனிலிருந்து பெரிய ரோட்டுக்கு எத்தனை நேரம் ஆகும் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் "தங்கட்டும்" என்றும் "கொண்டு போகலாம்" என்றும் முடிவெடுக்க அதுவும் ஒரு காரணம். பட்டணத்து வீட்டுக்குப் பொருந்துவது, மழையில் வழுக்கும் தோட்டப் பாதைக்குப் பொருந்தாது.

7. மாட்டுக்கும் ஆட்டுக்கும்

மாட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது அரிது. வைத்தியர்தான் பட்டிக்கு வருகிறார். கன்று வெளியே வராமல் வயிற்றைக் கிழித்து எடுக்கும் ஒப்பரேஷனைக் கூட, மாட்டை நிற்க வைத்தபடியே, பக்க வயிற்றில் மரத்துப் போகும் ஊசி போட்டுச் செய்கிறார்கள். ஆகவே இரவுக் காவல் முழுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

- காய்ந்த புல்லோ வைக்கோலோ நிறையப் போடுங்கள். பட்டியின் காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள்.
- மாடோ ஆடோ பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக் கிடக்க விடாதீர்கள். அசைபோடும் பிராணிக்கு வாயு வெளியேறாமல் வயிறு ஊதி மூச்சு முட்டும். நெஞ்சில் குந்தியிருக்கும்படி தூக்கி, இருபுறமும் புல் நிரப்பிய சாக்குகளை முட்டுக் கொடுங்கள்.
- கன்றுக்குச் சீம்பாலை முதல் 6 மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். தாய் எழும்பாவிட்டால் கறந்து கொடுங்கள்.
- நஞ்சுக்கொடி 24 மணித்தியாலத்தில் விழாவிட்டால் அறிவியுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம்.
- மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, வைத்தியர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கும் பால் சேகரிக்கும் நிலையத்துக்கும் கொடுக்கக் கூடாது. நான்கைந்து நாள் வருமானம் போவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பாலைக் குடிப்பது யாரோ ஒருவரின் பிள்ளை.

8. இரவு கடந்த பிறகு

நாய் 24 மணித்தியாலத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கழிக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்டாமல், ஓட விடாமல், சங்கிலியிலோ கயிற்றிலோ நடத்துங்கள். நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு வேண்டும். வாங்க வசதியில்லாதவர்கள் தடித்த மட்டையை வெட்டி, கழுத்துப் படும் விளிம்பில் துணி தைத்துப் போடலாம். பிள்ளையின் பழைய பெனியனை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டாலும் வயிற்றுத் தையல் மறையும். கருத்தடை செய்த ஆண் நாயை ஒரு மாதம் வரை பெண் நாய்களிடம் விடாதீர்கள், அதுவரை அது குட்டி போட வைக்கக் கூடும்.

9. செலவைப் பற்றி

இரவு தங்க வைப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நாயைப் பார்க்க ஒருவர் வீட்டில் நின்றால் ஒரு நாள் பேர் போகிறது. இரண்டும் தோட்டக் குடும்பத்துக்குச் சுமைதான். அதனால்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறோம். கையில் உள்ள பணத்தை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "எங்களால இவ்வளவுதான் முடியும், இதுக்குள்ள நாயிக்கு எது நல்லது?" என்று கேட்டால், எதை அங்கே செய்வது, எதை வீட்டில் செய்வது என்று அவர் பிரித்துத் தருவார். பணம் இல்லை என்ற வெட்கத்தில், தங்க வேண்டிய நாயைச் சொல்லாமல் கூட்டி வருவதும், கட்டணம் கட்ட முடியாமல் அங்கேயே விட்டுவிட்டு வராமல் இருப்பதும் அந்த உயிருக்குச் செய்யும் துரோகம்.

முடிந்தவரை திட்டமிட்ட ஒப்பரேஷனைப் பெரியவர் ஒருவர் மறுநாள் வீட்டில் இருக்கக்கூடிய நாளில், காலை நேரத்திலேயே வைத்துக் கொள்ளுங்கள். சனிக்கிழமை செய்தால் ஞாயிறு கவனிக்க ஆள் இருக்கும். ஆனால் ஞாயிறு வைத்தியரைப் பிடிக்க முடியுமா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

பாடத்தின் சுருக்கம்

சாதாரண ஒப்பரேஷன், ஆரோக்கியமான பிராணி, நன்றாகத் தெளிந்த மயக்கம், வீட்டில் விழித்திருக்க ஆள் ஆகிய நான்கும் இருந்தால் வீட்டுக்குக் கொண்டு வரலாம். பெரிய ஒப்பரேஷன், நோயாளிப் பிராணி, தெளியாத மயக்கம், இரவில் வாகனம் கிடைக்காத தூரம் இவற்றில் ஒன்று இருந்தாலும், ஆள் காவல் உள்ள இடத்தில் தங்க வைப்பதே நல்லது.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நமது வீட்டு நாயின் ஈறு சாதாரண நாளில் என்ன நிறம்? இன்றைக்கே பார்த்து வையுங்கள். நல்ல நாளில் பார்த்தவருக்குத்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.
2. இரவு 12 மணிக்கு ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவோம்? எண் எங்கே எழுதியிருக்கிறது?
3. நமது பிரிவில் எத்தனை பெண் நாய்கள் கருத்தடை செய்யப்படாமல் உள்ளன? எல்லா வீட்டாரும் சேர்ந்து வைத்திய அலுவலகத்தில் ஒரே நாளைக் கேட்டால், வாகனச் செலவைப் பங்கு போடலாம், இரவுக் காவலையும் பங்கு போடலாம்.

வாயில்லாப் பிராணி தன் நோவைச் சொல்லாது. அதற்காக ஓரிரவு கண் விழிப்பது வளர்ப்பவரின் கடமை என்பதை நாம் எல்லோரும் மனதில் வைத்துக் கொள்வோம்.